ஆறு சாண் கோல், இரண்டு முழத் துணி: தெரியுமா உங்களுக்கு?

கையில் ஆறு சாண் நீளத்துக்கு ஒரு கோல் இல்லாமல் கடைத்தெருவுக்குப் போகக் கூடாது என்று ஓர் ஊரில் விதியே போட்டிருந்தார்கள், தெரியுமா? எதிரே யார் வந்தாலும் அந்தக் கோலின் நீளத்துக்கு அப்பால்தான் நிற்க வேண்டும். அண்ணன் தம்பியானாலும் சரி, சம்பந்தியானாலும் சரி! இது நடந்தது 2020-ல் இல்லை, 1582-ல்!

இத்தாலிக்குப் பக்கத்தில் சார்டினியா என்றொரு தீவு. அதில் அல்கேரோ என்கிற துறைமுக ஊர். அங்கே கொள்ளைநோய் வந்து இறங்கியபோது குவின்டோ டிபெரியோ ஆஞ்செலெரியோ என்ற மருத்துவர் ஊராருக்காக வகுத்த விதிகளை 57 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவர்தான் சாமான் வாங்க வெளியே வரலாம். கடையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே ஒரு தடுப்பு. தேவாலயத்தில் கைகுலுக்கும்போது எச்சரிக்கை. படிக்கப் படிக்க நம் ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பால் போட்ட வட்டங்கள் கண்முன் வந்து நிற்கின்றன! கிருமி என்று ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரியாத காலம் அது. அதைக் காட்டும் நுண்ணோக்கிகூடப் பிறக்கவில்லை. ஒரு சாண் முக்கால் அடி என்று கணக்குப் போட்டால் ஆறு சாண் நாலரை அடி. உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன குறைந்தபட்ச தூரம் 1 மீட்டர், அதாவது மூன்றேகால் அடிதான். அந்த மனிதர் நம்மைவிடத் தாராளமாகவே அளந்திருக்கிறார்!

இடைவெளி விட்டு நிற்பதற்காகத் தேவாலயத்தையே பூட்டிவிட்டுப் பள்ளத்தாக்கில் வழிபாடு நடத்திய கிராமம் தெரியுமா? இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இருக்கிறது ஈம் (Eyam) என்கிற அந்த ஊர். 1665-ல் லண்டனிலிருந்து ஒரு தையல்காரர் வீட்டுக்குத் துணிமூட்டை வந்தது. துணியோடு கொள்ளைநோய்த் தெள்ளுப்பூச்சிகளும் வந்தன என்கிறார்கள். அடுத்த ஆண்டு நோய் முற்றியபோது பாதிரியார் வில்லியம் மோம்பெசன் ஊரைக் கூட்டி, நாம் யாரும் எல்லை தாண்ட வேண்டாம், நம்மோடு இது நிற்கட்டும் என்று கேட்டார். ஊர் சம்மதித்தது! ஓடிப்போய்ப் பிழைத்திருக்கக்கூடியவர்கள், பக்கத்து ஊர்க்காரர்களுக்காகத் தங்கிவிட்டார்கள். எல்லைக் கல்லில் குழி தோண்டி, வினிகர் ஊற்றி, அதில் காசைப் போட்டு வைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் சாப்பாட்டை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். ஞாயிறு வழிபாடு திறந்தவெளியில், குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளி நின்றபடி. சுமார் 260 பேரை ஊர் பறிகொடுத்தது. மோம்பெசனின் மனைவி காத்தரினும் அதில் ஒருவர். அந்தக் கல்லின் குழிகளை இன்றைக்கும் தொட்டுப் பார்க்கலாம்.

சரி, வாயை மூடும் துணிக்கு வருவோம். கிருமிக்காக இல்லாமல் பக்திக்காக, கருணைக்காக வாயைத் துணியால் மூடியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுவேதாம்பர சமணத் துறவிகளின் வாய்த்துணிக்கு முகபத்தி என்று பெயர். பேசும் மூச்சுக்காற்றில் சின்னஞ்சிறு உயிர்கூட வதைபடக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். பார்சி குருமார்கள் புனிதத் தீயின் முன் நிற்கும்போது மூச்சும் எச்சிலும் அதில் படாதபடி வெள்ளைத் துணி கட்டிக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச் சந்நிதி முருகன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரம் கிடையாது, மௌனம்தான். கதிர்காமத்திலும் அதே மரபு. என் எச்சில் இன்னொருவர்மேல் படக் கூடாது என்கிற மரியாதை நம் மண்ணுக்குப் புதிதே இல்லை!

ஆனால் மருத்துவர்கள் அந்த இடத்துக்கு வந்து சேர 1897 ஆகிவிட்டது. பேசும்போதே வாயிலிருந்து கிருமியோடு துளிகள் பறக்கின்றன என்று கார்ல் ஃப்ளூகே காட்டினார். அவர் இருந்த பிரெஸ்லாவ் நகரிலேயே ஜோஹன் மிக்குலிச் என்ற அறுவை மருத்துவர் காஸ் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு கத்தியைப் பிடித்தார். அதே ஆண்டு பாரிசில் பால் பெர்ஜேயும் கட்டிக்கொண்டார். அதற்கு முன்னால்? திறந்த வயிற்றின் மேல் குனிந்து நின்று பேசிக்கொண்டே அறுத்தார்கள்!

இனிமேல்தான் என் மனதைவிட்டு அகலாத கதை. முகக்கவசத்தை மருத்துவமனையிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற பினாங்குத் தீவில் 1879-ல் பிறந்த வூ லியன்-தே! கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர். 1910 டிசம்பரில், 31 வயதில், சீனாவின் வடகிழக்குக் கோடியில் உள்ள ஹார்பின் நகருக்கு, அங்கே பரவிய ஒரு கொள்ளைநோயை அடக்க அனுப்பப்பட்டார். உறையும் குளிர். ரோமத்துக்காக மர்மோட் என்ற பெருத்த அணில் இனத்தை வேட்டையாடியவர்களிடமிருந்து புறப்பட்ட நோய் அது. பிடித்தவர் கிட்டத்தட்ட யாருமே பிழைக்கவில்லை. எலித் தெள்ளினால் பரவும் பிளேக்தான் என்று எல்லாரும் சாதித்தார்கள். வூ ஒரு சத்திரக்காரரின் மனைவியின் உடலை ரகசியமாகப் பரிசோதித்துவிட்டு வேறொன்று சொன்னார்: இது நுரையீரலில் இருக்கிறது, மூச்சோடு மூச்சாகப் பரவுகிறது. எலி வேண்டாம், மனிதனே போதும்.

அதற்கு அவர் கண்ட ஆயுதம் என்ன? மூன்றடி நீளக் காஸ் துணி, நம் கணக்கில் இரண்டு முழம். அதை மடித்து நடுவே ஒரு பஞ்சுத் திண்டு. இரண்டு முனையையும் கிழித்து முடிச்சுப் போட வார். அவ்வளவுதான்! எந்த ஊரிலும் எந்தப் பெண்மணியும் அரை மணியில் டஜன் கணக்கில் செய்து கொடுத்துவிடலாம். மருத்துவர்களுக்கு மட்டும் இல்லை, செவிலியருக்கு, பிணம் தூக்குபவருக்கு, தெருவில் நடப்பவருக்கு, எல்லாருக்கும் என்றார்.

அங்கே ஜெரால்ட் மெஸ்னி என்ற பெயர்பெற்ற பிரெஞ்சு மருத்துவர் வந்தார். நீ எனக்குச் சொல்லித் தருவதா என்று வூவிடம் கோபப்பட்டார். கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் அவரே நோயாளி. 1911 ஜனவரி 11-ம் தேதி இறந்துபோனார். அந்தச் செய்தி பரவியதுதான் தாமதம், ஹார்பின் தெருவில் முகக்கவசம் இல்லாத முகமே இல்லை என்றாகிவிட்டது! வாசிக்கும்போது மெஸ்னிக்காக எனக்கு மனசு வலிக்கிறது. உதவி செய்ய வந்த இடத்தில் ஒரு கணத்து வீம்பு அவர் உயிரைக் கொண்டுபோய்விட்டது.

வூ அதோடு நிற்கவில்லை. ரயில் பெட்டிகளைக் கேட்டு வாங்கித் தொற்று உள்ளவர்களோடு பழகியவர்களை அதில் தனிமைப்படுத்தினார். (2020-ல் நம் இந்திய ரயில்வே 5,000க்கும் மேற்பட்ட பெட்டிகளைத் தனிமை வார்டுகளாக மாற்றியபோது அவர் ஞாபகம்தான் எனக்கு வந்தது.) உறைந்த நிலத்தில் புதைக்க முடியாமல் கிடந்த 2,000க்கும் மேற்பட்ட உடல்களை எரிக்கப் பேரரசரிடமே அனுமதி வாங்கினார். சுமார் 60,000 உயிர்களைக் குடித்த நோய், சில மாதங்களில் அடங்கியது. 1935-ல் அவர் பெயர் நோபல் பரிசுக்கே பரிந்துரைக்கப்பட்டது. 1960-ல் அதே பினாங்கில் கண்மூடினார். அவர் கட்டிய அந்த இரண்டு முழத் துணியின் வாரிசுதான் 2020-ல் உங்கள் சட்டைப்பையில் இருந்தது!

ஒரு ஊரின் மேயரே முகக்கவசம் போடாததற்காக அபராதம் கட்டினார், தெரியுமா? 1918 இன்ஃபுளுவென்சா காலத்தில் சான் பிரான்சிஸ்கோ மேயர் ஜேம்ஸ் ரால்ஃப். குத்துச்சண்டைப் போட்டி பார்க்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். 50 டாலர்! முகக்கவசம் போடச் சொல்லிப் பாடாய்ப் பட்ட சுகாதார அதிகாரிக்கும் 5 டாலர். அந்த ஊரில் அபராதம், கைது எல்லாம் நடந்தும் 1919 ஜனவரியில் முகக்கவச எதிர்ப்புக் கழகம் என்றே ஓர் அமைப்பு கிளம்பியது. அதட்டினால் போடுவார்கள், தலை மறைந்ததும் கழற்றுவார்கள். இதை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது ஒரு பாட்டு வகுப்பையும் ஒரு முடிதிருத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 10. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்கேஜிட் பள்ளத்தாக்குச் சேர்ந்திசைக் குழு பயிற்சிக்குக் கூடியது. 61 பேர், இரண்டரை மணி நேரம். வாசலில் சானிடைசர் இருந்தது. யாரும் கட்டிப்பிடிக்கவில்லை, கைகுலுக்கவில்லை. ஆனால் மூடிய கூடம், முகக்கவசம் இல்லை, எல்லாரும் உரக்கப் பாடினார்கள். லேசான சளி என்று நினைத்து ஒருவர் வந்திருந்தார். முடிவில் 53 பேருக்கு நோய், இருவர் மரணம். பாடப் போனவர்கள்!

அதே ஆண்டு மே மாதம், மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு. ஒரு முடிதிருத்தகத்தில் இரண்டு பேருக்குக் கொரோனா. தெரியாமலே 139 பேருக்கு முடி வெட்டிவிட்டிருக்கிறார்கள். கழுத்துக்கும் கைக்கும் அரையடி இடைவெளி இல்லாத தொழில் அது! ஆனால் அந்த ஊரில் இரு தரப்பும் முகக்கவசம் போட வேண்டும் என்பது விதி. என்ன ஆயிற்று தெரியுமா? பரிசோதனைக்கு வந்த 67 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. மற்றவர்களில் யாருக்கும் அறிகுறி வந்ததாகத் தெரியவில்லை.

உரக்கப் பேசினால் வாயிலிருந்து வரும் நுண்துளிகள் கூடும் என்பது ஆய்வில் கண்டது. சத்தம் ஏற ஏறத் துளியும் ஏறும். அதைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது நம் சந்தைதான். கத்திரிக்காய் கிலோ எவ்வளவு என்று கத்தாமல் சந்தை ஏது? நெரிசல் தாங்காமல்தான் சென்னைச் சந்தையைக் கொத்தவால் சாவடியிலிருந்து 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். அந்தக் கோயம்பேடே 2020 ஏப்ரல் கடைசியில் பெரும் தொற்றுக் களமாகி, மே 5-ம் தேதி மூடப்பட்டது. லாரி ஏறிப் போனவர்களோடு பல மாவட்டங்களுக்கு நோயும் போனது. காய்கறிக் கடைகள் திருமழிசையின் திறந்தவெளிக்குப் போயின. மற்ற ஊர்களில் பேருந்து நிலையங்களே காய்கறிச் சந்தையாக மாறியதை மறந்திருக்க மாட்டீர்கள். பஸ் நிற்கும் இடத்தில் தக்காளிக் கூடை! சங்கடம்தான், ஆனால் காற்று ஓடியது.

காற்று ஓடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்றால், குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்றில் 2020 ஜனவரியில் மூன்று குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் சாப்பிட்டன. ஏசி காற்று அந்த மூன்று மேசையையே சுற்றிச் சுற்றி வந்தது. அந்த மூன்று குடும்பங்களிலும் சேர்த்துப் பத்துப் பேருக்கு நோய். அந்தக் காற்றுச் சுழலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் தப்பித்தார்கள்! ஜப்பான்காரர்கள் இதை மூன்றே சொல்லில் அடக்கிவிட்டார்கள்: மூடிய இடம், நெரிசல், நெருங்கிய பேச்சு. இந்த மூன்றையும் தவிருங்கள் என்பதைச் சன்மிட்சு என்றார்கள். 2020-ல் அந்த நாட்டின் ஆண்டுச் சொல்லே அதுதான், தெரியுமா?

சொல் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் முதலில் சமூக இடைவெளி என்றுதான் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சமூகம் சமூகமாகத் தள்ளி நிற்க வைத்த கொடுமையை நூற்றாண்டுகளாகப் பார்த்த மண்ணில் அந்தச் சொல் பலருக்கு முள்ளாகக் குத்தியது. தனிநபர் இடைவெளி என்று மாற்றிச் சொன்னபோதுதான் நெஞ்சு ஆறியது. உலகச் சுகாதார நிறுவனமும் 2020 மார்ச்சிலேயே உடல் இடைவெளி என்று சொல்லத் தொடங்கியது. உடம்புதான் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும், மனிதர்கள் இல்லை. நானும் அப்படியே எழுதுகிறேன்.

என்95 முகக்கவசத்துக்குள் மின்சாரம் இருக்கிறது, தெரியுமா? சத்தியமாக! தேதி முடிந்துபோன ஒன்றைக் கத்தரியால் வெட்டிப் பார்த்தேன். வெளித்தோல் சாதாரண நெய்யாத துணி. உள்தோலும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே, பஞ்சு மிட்டாயைத் தட்டி விரித்தது போல வெள்ளை வெளேரென்று ஒரு படலம். விரலை வைத்தால் ஒட்டுகிறது. செய்தித்தாளைப் பொடிப்பொடியாகக் கிள்ளிப் போட்டு அதன் அருகே கொண்டுபோனேன். இரண்டு மூன்று துணுக்குகள் எழும்பிப் போய் ஒட்டிக்கொண்டன! தலை சீவிய சீப்பு காகிதத்தை இழுக்குமே, அதே வித்தை. ஆனால் சீப்பின் மின்னூட்டம் நிமிடங்களில் போய்விடும், இதில் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது.

உருக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான காற்றால் ஊதி ஊதி இழையாக்குகிறார்கள். கிட்டத்தட்டப் பஞ்சு மிட்டாய் இயந்திரம்தான். அந்த இழைகளுக்கு நிலைத்த மின்னூட்டம் ஏற்றும் வழியைச் செம்மையாக்கி 1995-ல் காப்புரிமை வாங்கியவர் பீட்டர் சாய். தைவானில் பிறந்து அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று நிம்மதியாக இருந்த மனிதர், 2020-ல் தட்டுப்பாடு வந்ததும் மறுபடி ஆய்வில் இறங்கினார். ஒரே கவசத்தை எப்படிப் பாதுகாப்பாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது என்று இரவு பகலாகத் தேடினார்.

வைரஸ் அவ்வளவு சின்னது, துணியின் ஓட்டை அவ்வளவு பெரிது, கொசுவலையில் எறும்பு புகுவது போலப் புகுந்துவிடாதா என்று கேட்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். நியாயமான கேள்வி. பதில்தான் அதிசயம்! முதலில், வைரஸ் தனியாகப் பறப்பதில்லை, எச்சிலும் உப்பும் சேர்ந்த துளிக்குள் பயணிக்கிறது. இரண்டாவது, முகக்கவசம் சல்லடை இல்லை. பெரிய துகள் வளைய முடியாமல் நேராகப் போய் இழையில் மோதிக்கொள்ளும். மிகச் சிறிய துகளோ நேராகப் போகாது. காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்துத் தள்ளாடி, போகும் வழியிலேயே எங்காவது ஒட்டிக்கொள்ளும். இரண்டிலும் சேராமல் நழுவப் பார்ப்பது 0.3 மைக்ரான் அளவில் இருப்பவைதான். அந்த நழுவும் அளவை வைத்துத்தான் சோதித்து, அதில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடித்தால்தான் என்95 என்ற பெயரே தருகிறார்கள்! அதைவிடச் சின்னது இன்னும் சுலபமாக மாட்டும்.

இன்னொன்று, தயவுசெய்து இதை வீட்டில் சொல்லுங்கள். என்95 மேல் சானிடைசரைத் தெளித்துத் துடைக்காதீர்கள், சோப்பில் ஊறவைக்காதீர்கள். பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். உள்ளே இருந்த மின்னூட்டம் போயிருக்கும். மூக்குக்கு மேல் உள்ள கம்பியை அழுத்தி விடாமல் போட்டால் பக்கவாட்டு இடுக்கு வழியே காற்று போய்விடும் என்பதும் அதே போலத்தான். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் இடுக்கு இருக்கிறது என்று கண்ணாடியே சொல்லிவிடும்!

தும்மலின் ஆவிப்படலம் 27 அடி வரைக்கும்கூடப் போகலாம் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லிடியா பூரோய்பா படம் பிடித்துக் காட்டினார். அப்படியானால் மூன்றடி, ஆறடி எதற்கு? பக்கத்தில் இருக்கும்போது நேரே முகத்தில் படும் அடர்த்தி, தள்ளித் தள்ளிப் போகக் குறைகிறது. ஊதுவத்திப் புகையை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கண் எரியும், கூடத்தின் மறுகோடியில் மணம் மட்டும். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டால் மறுகோடிக்கும் புகை வந்து சேரும். அதனால்தான் இடைவெளி மட்டும் போதாது, ஜன்னலும் வேண்டும், கவசமும் வேண்டும்.

இந்த ஜன்னல் விஷயத்துக்கு நம் ஊரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து மின்சார ரயிலில் போகும்போது தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தம் தாம்பரம் சானடோரியம்! தினமும் லட்சம் பேர் வாயில் வருகிற பெயர். சௌரி முத்து என்ற மருத்துவர் 1928-ல் காசநோயாளிகளுக்காக அங்கே தொடங்கிய காற்றோட்ட மருத்துவமனையின் பெயர் அது. மருந்து இல்லாத அந்த நாளில் காற்றும் வெயிலும் ஓய்வும் இடைவெளியும்தான் மருந்து. 1950களில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாக மாடியில் இருந்த கினிப் பன்றிக் கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். நோயாளியைப் பார்த்தே இராத அந்த விலங்குகளுக்கு மாதம் சுமார் மூன்று வீதம் காசநோய் வந்தது. காற்று ஒன்றே போதும் என்பது அப்போதுதான் நிரூபணமானது!

அதே பத்தாண்டில் நம் சென்னை உலகத்துக்கே ஒரு பாடம் எடுத்தது. 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 193 நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை நெருக்கமான அவர்கள் வீட்டிலேயும் வைத்து மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் அதே போலக் குணமானார்கள். வீட்டாருக்குக் கூடுதல் தொற்றும் இல்லை! மருந்து உள்ளே போனதும் பரவல் வேகமாகக் குறைந்துவிடுகிறது. அப்படியென்றால் ஆபத்தான நாட்கள் எவை? நோய் என்றே தெரியாமல் இருமிக்கொண்டு திரியும், மருந்துக்கு முந்தைய நாட்கள்தான். உலகக் காசநோயாளிகளில் கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். இரண்டு வாரமாக இருமலா? சளிப் பரிசோதனைக்குப் போகும்வரை வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு பேருந்தில் ஏறுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். கொரோனாவோடு முடிந்த பேச்சு இல்லை இது.

ஒரு நோய்க்கிருமி வம்சமே காணாமல் போன கதை தெரியுமா? இன்ஃபுளுவென்சாவில் பி யமகாட்டா என்று ஒரு வகை. கொரோனாவுக்காக உலகம் முகக்கவசம் போட்டு, தள்ளி நின்று, பயணத்தை நிறுத்திய காலத்தில் அது பரவ வழியில்லாமல் தவித்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு அதை உறுதியாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதைத் தடுப்பூசியிலிருந்தே எடுத்துவிடலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. குறி வைத்தது ஒன்றை, விழுந்தது இன்னொன்று!

இவ்வளவும் சரி, ஆளைப் போட வைப்பது எப்படி? சான் பிரான்சிஸ்கோவை ஒரு பக்கம் வைக்கச் சொன்னேனே, அதற்குப் பதில் வங்கதேசத்துக் கிராமங்களில் இருக்கிறது. 2020 நவம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை, 600 கிராமங்கள், ஏறக்குறைய 3,40,000 பெரியவர்கள். முகக்கவசத்தைப் பற்றி அந்த அளவில் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை! ஏல் பல்கலைக்கழகத்தின் முஷ்ஃபிக் மொபாரக், ஜேசன் அபாலக் முதலியவர்கள் நடத்தினார்கள். பாதிக் கிராமங்களை அப்படியே விட்டார்கள். மீதியில் நான்கு காரியம் செய்தார்கள். வீடு தேடிப் போய் இலவசமாகக் கொடுத்தார்கள். ஏன் என்று விளக்கினார்கள். ஊர்ப் பெரியவர்களும் இமாம்களும் தாங்களே போட்டுக்காட்டிப் பேசினார்கள். நான்காவதுதான் ரொம்ப முக்கியம்: சந்தையிலும் மசூதி வாசலிலும் தொண்டர்கள் நின்று, போடாமல் வருபவரை மெதுவாக நிறுத்தி, போட்டுக்கோங்க என்று கேட்டார்கள். கையில் இல்லையென்றால் ஒன்று கொடுத்தார்கள். அபராதம் கிடையாது, அதட்டல் கிடையாது.

சும்மா விட்ட கிராமங்களில் நூற்றுக்கு 13 பேர் ஒழுங்காகப் போட்டார்கள். இந்தக் கிராமங்களில் 42 பேர்! மூன்று மடங்கு! குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள், ஊருக்குப் பரிசு என்று சொல்லிப் பார்த்தார்கள், அதனால் கூடுதலாக எதுவும் நடக்கவில்லை. நேரில் நின்று கேட்ட குரல்தான் வேலை செய்தது. அறுவை முகக்கவசம் கொடுத்த கிராமங்களில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே அறிகுறியோடு வந்த தொற்று 35 சதவீதம் குறைந்தது. என்னை நாற்காலியிலிருந்து எழ வைத்த செய்தி இன்னொன்று: முகக்கவசம் போட்டால் தைரியம் வந்து ஒட்டி ஒட்டி நிற்பார்கள் என்று பலர் பயந்தார்கள் இல்லையா? நடந்தது நேர்மாறு! கைநீளம் தள்ளி நின்றவர்கள் 24 சதவீதத்திலிருந்து 29 ஆக ஏறினார்கள். குஜராத்தின் சேவா பெண்கள் அமைப்பும் லாகூர் நகரமும் இந்த முறையைக் கையில் எடுத்துக்கொண்டன.

இதைப் படித்த பிறகுதான் எங்கள் அடுக்குமாடியில் நடந்தது எனக்குப் புரிந்தது. ஐந்து மாடி, ஒரே லிப்ட். ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சலும் இருமலும். முகக்கவசம் அணியவும் என்று தட்டச்சு செய்து லிப்ட் கதவில் ஒட்டினோம். மூன்று வாரம் அது பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தது, யாரும் போடவில்லை. நாலாவது வாரம் இரண்டாம் மாடி டீச்சரம்மா ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து லிப்ட் பக்கத்து ஆணியில் மாட்டினார். உள்ளே ஐம்பது முகக்கவசம். தனக்கும் ஒன்று மாட்டிக்கொண்டு, சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தம்பி, இருமுறியே. ஒண்ணு எடுத்து மாட்டிக்கோப்பா. மூணாவது மாடிப் பாட்டிக்கு ஏற்கெனவே வீசிங்."

"சரி டீச்சர்."

அவ்வளவுதான் பேச்சு. காது கேட்காத முதல் மாடித் தாத்தாவிடம் பேசும்போது மட்டும் டீச்சர் தள்ளிப் போய் நின்று, கவசத்தை இறக்கி, உதடு தெரியப் பேசிவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்வார். ஒரு வாரத்தில் பையை இரண்டு தரம் நிரப்ப வேண்டியிருந்தது.

ஒரு நாள் நாற்காலியில் டீச்சர் இல்லை. பார்சல் கொண்டுவந்த பையன் ஒருவன், எங்கள் யாரையும் தெரியாதவன், பையைப் பார்த்தான், ஒன்றை எடுத்து மாட்டினான், மூக்குக் கம்பியை அழுத்தினான். லிப்ட் கதவு திறந்தபோது பின்னால் தடியூன்றி வந்துகொண்டிருந்த பாட்டியைக் கவனித்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

"நீங்க போங்க பாட்டி. நான் அடுத்ததுல வர்றேன்."